முள்ளந்தண்டு வட்டும் அதிர்வலைச் சிகிச்சையும்: இயன்மருத்துவரின் பதில்கள்

களுவாஞ்சிக்குடி வாசகர்: நெல் மூடை தூக்கியதில் டிஸ்க் விலகிவிட்டது. ஷொக்வேவ் எனப்படும் அதிர்வலை கொடுத்து விலங்குகளின் வட்டுத் திசு தேறியதாக அறிந்தேன். நானும் செய்துகொள்ளலாமா?

டிஸ்க் எனப்படும் வட்டு முள்ளந்தண்டு என்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருப்பது; சுற்றிலும் தும்பு போன்ற நார் வளையங்களும் நடுவில் நுங்கு போன்ற கூழும் கொண்டது. வட்டுத் தேய்வு ஆய்வுகளில் பெரும்பாலும் எலியின் வாலிலோ முயலின் இடுப்பிலோ உள்ள நல்ல வட்டை ஊசியால் குத்திச் சேதப்படுத்திய பின்னரே சிகிச்சையைப் பரீட்சிக்கிறார்கள். உங்களுடையதோ பல போகங்கள் மூடை சுமந்து மெல்ல மெல்லத் தேய்ந்த வட்டாக இருக்கலாம். கருவில் தோன்றும் முதுகுநாண் கலங்கள் அவ்விலங்குகளின் வட்டில் வளர்ந்த பிறகும் தங்கியிருக்கின்றன. மனிதரிடமோ சிறுபராயத்திலேயே பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. ஆகவே அவற்றின் வட்டு தேறியதுபோல் நமதும் தேறும் என்று சொல்லிவிட முடியாது.

இவற்றைவிட முக்கியமானது போசணை. வளர்ந்தவரின் வட்டுக்குள் இரத்தக்குழாய் ஆழமாகச் செல்வதில்லை. நடுவிலுள்ள கலம் அருகிலுள்ள குழாயிலிருந்து ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் வரை தள்ளியிருக்கக்கூடும் என்பதால், ஒட்சிசனும் குளுக்கோசும் வட்டின் மேலும் கீழும் ஒட்டியுள்ள முள்ளென்புத் தட்டினூடாகக் கசிந்தே அங்கு சேர வேண்டும். சில மில்லிமீற்றர் அகலமே உள்ள எலி வட்டுக்கு இந்தத் தட்டுப்பாடு இல்லை. கலங்களைத் தட்டியெழுப்பினாலும், அவற்றுக்கு உணவு போய்ச் சேராத இடத்தில் திசு எப்படி வளரும்? வட்டு சீராகும் என்ற நம்பிக்கையில் உழைத்த பணத்தை இதில் செலவிட வேண்டாம் என்றே சொல்வேன். விலகிய வட்டால் வரும் கால்வலி பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சையின்றியே சில வாரங்களில் அல்லது மாதங்களில் தணிந்துவிடுகிறது.

அக்கரைப்பற்று வாசகர்: சிறுநீரகக் கல்லை உடைக்கும் அலை வட்டையும் உடைத்துவிடாதா?

1980இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் மனிதரின் சிறுநீரகக் கல்லுக்கு முதன்முதலாகப் பயன்பட்ட அதே வகை அலைதான், அளவே வேறு. குறைந்த அளவு கலங்களைத் தூண்டும். அளவு மிஞ்சினால், அலையைத் தொடர்ந்து உருவாகும் நுண்குமிழ்கள் உடைந்து மயிர்த்துளைக் குழாய்கள் எனும் மிக நுண்ணிய இரத்தக்குழாய்களைக் கிழித்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்க வேண்டும்.

ஏறாவூர் வாசகர்: மூன்று முறை எடுத்தேன். வலி குறைந்துவிட்டதே?

மகிழ்ச்சி. ஆனால் வலி குறைவது வேறு, வட்டு ஆறுவது வேறு. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம், போட்டிக்கு முந்திய 5 நாட்களில் குதிரைக்கு இச்சிகிச்சை கொடுப்பதைத் தடைசெய்துள்ளது. வலி மரத்த குதிரை காயத்தோடேயே ஓடிவிடும் என்பதே அச்சம். உங்களுக்குப் பயன்பட்டது காற்றழுத்தத்தால் இயங்கும் கருவியானால், அதன் வலு தோலில்தான் உச்சம், ஆழம் செல்லச் செல்லக் குன்றிவிடும். குப்புறப் படுத்திருப்பவரின் இடுப்பில் பெருவிரலை ஊன்றிப் பார்த்தால் தோல், கொழுப்பு, தடித்த தசை, பிறகு என்பு என்று தட்டுப்படும். வட்டு அதற்கும் அப்பால் இருக்கிறது. இளகியது தசையாக இருக்கலாம். வலியில்லை என்று மறுநாளே மூடையைத் தூக்கிவிடாதீர்கள்.

வெல்லாவெளி வாசகர்: இடுப்புவலியோடு தொடையின் உட்புறம் மரத்து, சிறுநீர் கழிக்கவும் சிரமமாயிருக்கிறது. எத்தனை முறை எடுக்க வேண்டும்?

ஒரு முறைகூட வேண்டாம். விலகிய வட்டு நரம்புக் கற்றையை நசுக்கும்போது இந்த அறிகுறிகள் தோன்றும். தாமதித்தால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு நிரந்தரமாகவே போய்விடலாம். இதை வாசித்த கையோடு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.