கடல் கேள்வி-பதில்: காற்று எந்தப் பக்கம், கரை எந்தப் பக்கம்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடல்நீர் மேலெழுச்சி, அதாவது கீழே கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறி வருவது பற்றித்தான். ஆனி, ஆடி வந்தாலே இப்படி.

ஆடியில் கடலில் கால் வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. மழைத்தண்ணீர் சேர்வதால்தானே? (குளச்சல் வாசகர்)

இல்லை. மழைத்தண்ணீர் லேசானது. மேலே மிதந்து கிடக்குமே தவிர, கடலை அந்த அளவு குளிரவைக்காது. உங்கள் பக்கம் அப்போது காற்று வடமேற்கிலிருந்து கரையை ஒட்டித் தெற்கே போகிறது. பூமி சுழல்வதால் மேல்தண்ணீர் காற்றுக்கு வலப்பக்கமாக ஒதுங்கும். உங்கள் ஊரில் வலப்பக்கம் என்றால் ஆழ்கடல். மேல்தண்ணீர் அப்படி விலகிப் போனால் அந்த இடம் காலியாகவா இருக்கும்? கீழே கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் ஏறி வருகிறது. நாளைக்குச் சில மீட்டர்தான் ஏறும், ஆனால் மாதக்கணக்கில் ஏறும். தென்கோடியில் தொடங்கி கொல்லம், ஆலப்புழை என்று வடக்கே நகரும். அதோடு வரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் மிதவைத் தாவரங்களுக்கு உரம், அந்த மிதவைகள்தான் உங்கள் சாளைக்குச் சோறு. உலகக் கடல் பரப்பில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே இருக்கும் இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் ஐந்தில் ஒரு பங்கு மீன் கிடைக்கிறது.

எங்கள் ஊரில் காற்று பலமாக அடிக்கிறது. மேலெழுச்சி வருமா?

எந்த ஊர்? காற்று எந்தத் திசை? போன வருடமும் இதே கேள்வி, இதே மாதிரி ஊர் பேர் இல்லாமல் வந்தது. மறுபடி சொல்கிறேன்: காற்று, கரை, அரைக்கோளம். மூன்றையும் எழுதாமல் கேட்டால் பதில் கிடையாது. நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். வலக்கைப் பக்கம் கடல் இருந்தால் தண்ணீர் மேலே வரும், கரை இருந்தால் கீழே அமிழும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் இடக்கை.

காற்றின் திசையிலிருந்து தண்ணீர் எவ்வளவு விலகும் என்பதற்குப் பாடநூலில் 45 டிகிரி என்று இருக்கிறது, ஆசிரியர் 90 என்கிறார். எது சரி? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

இரண்டும். 1893 இல் தொடங்கிய பயணத்தில் ஃப்ராம் கப்பலில் வடதுருவப் பனிக்கடலில் மிதந்த நார்வே ஆய்வாளர் நான்சென், பனிக்கட்டிகள் காற்றின் திசையில் போகாமல் 20, 40 டிகிரி வலப்பக்கம் விலகிப் போவதைக் கவனித்தார். ஸ்வீடன் கடலியலாளர் எக்மன் அதற்குக் கணக்குப் போட்டு 1905 இல் வெளியிட்டார். அந்தக் கணக்குப்படி மேற்பரப்பில் விலகல் 45 டிகிரி. கீழே போகப் போக இன்னும் திரும்பும், வேகமும் குறையும். எல்லா அடுக்கையும் கூட்டினால் 90. மேலெழுச்சிக்கு இந்தக் கூட்டுத்தொகைதான் கணக்கு. தேர்வில் இரண்டையும் எழுதுங்கள்.

இந்தத் தண்ணீர் கடலின் அடித்தரையிலிருந்து வருகிறதா?

இல்லை. பெரும்பாலும் 100, 200 மீட்டரிலிருந்து. 4,000 மீட்டர் ஆழத்தில் கிடப்பதைக் கரையோரக் காற்று தொடவே தொடாது.

சென்னைப் பக்கம் ஏன் இது நடப்பதில்லை? (திருவொற்றியூர் வாசகர்)

நடக்கிறது. தென்மேற்குக் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள், வலக்கை கடல் பக்கம்தான். ஆனால் வங்காள விரிகுடாவுக்குக் கங்கை, பிரம்மபுத்திரா தொடங்கிப் பெரிய ஆறுகளெல்லாம் கொண்டு கொட்டும் நல்ல தண்ணீர் மேலே மூடி போட்ட மாதிரி கிடக்கிறது. கீழ்த்தண்ணீர் ஏற அது லேசில் விடாது. அதனால் மேற்குக் கரை அளவுக்கு இல்லை.

சில வருடங்களுக்கு ஒருமுறை பசிபிக் கடல் வெதுவெதுப்பாகும் எல் நினோ வந்தால் பெருவில் காற்று நின்று, மேலெழுச்சியும் நின்றுவிடுமாமே?

முழுக்கச் சரியில்லை. கரையோரக் காற்று பெரும்பாலும் வீசிக்கொண்டேதான் இருக்கும், தண்ணீரும் ஏறும். ஆனால் வெதுவெதுப்பான அடுக்கு தடித்துப்போவதால் ஏறி வருவதே உரமில்லாத வெந்நீர். பெருவில் 1970 இல் 1 கோடியே 20 லட்சம் டன் நெத்திலி பிடித்தார்கள், 1973 இல் 20 லட்சம் டன் பக்கம் இறங்கியது. எல் நினோ மட்டும் காரணமில்லை, அதற்கு முன்பே அளவில்லாமல் அள்ளியிருந்தார்கள்.

பூமி சூடாவதால் காற்று கூடும், மேலெழுச்சி கூடும், மீனும் கூடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். நல்ல செய்திதானே? (ஆசிரியர், தூத்துக்குடி)

எத்தனை முறை எழுதினாலும் இது தீராது போலிருக்கிறது. ஐயா, மேலெழுச்சி என்ன தண்ணீர்க் குழாயா, அதிகம் திறந்தால் அதிகம் வருவதற்கு?

காணொளியில் முதல் பாதி ஒரு நல்ல ஊகம். நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும், அழுத்த வேறுபாடு கூடும், கரையோரக் காற்று வலுக்கும் என்று கடலியலாளர் ஆண்ட்ரூ பாகுன் 1990 இல் சொன்னார். சில கரைகளில் அது ஒத்துப்போகிறது, சிலவற்றில் இல்லை. சரி, இருக்கட்டும். அங்கிருந்து நேரே மீனுக்குத் தாவுவதுதான் தப்பு.

மத்தி (சாளை), நெத்திலி போன்றவற்றின் குஞ்சுகள் நன்றாகப் பிழைப்பது காற்று நொடிக்கு 5, 6 மீட்டர் வீசும்போது. அதற்குக் குறைந்தால் உரம் ஏறாது. ரொம்பக் கூடினால் தண்ணீர் கலங்கி, மிதவைகள் பெருகுவதற்குள் எல்லாம் ஆழ்கடலுக்குப் போய்விடும், குஞ்சும் கூடவே போகும். வயலுக்கு உரம் போட்ட கையோடு வடிகாலைத் திறந்துவிட்ட கதை.

அப்புறம், ஏறி வருகிற தண்ணீரில் உரம் உண்டு, ஆக்சிஜன் குறைவு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மேலிருந்து விழுந்த கழிவு கீழே மக்கும்போது உரம் விடுபடுகிறது, ஆக்சிஜன் செலவாகிறது. அரபிக்கடலில் ஏறக்குறைய 150 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரை ஆக்சிஜன் பஞ்சம். கேரளக் கரையில் ஆகஸ்ட், செப்டம்பரில் இந்தத் தண்ணீர் கரையோர ஆழமற்ற பகுதியில் படரும்போது தரைமீனும் இறாலும் மூச்சுக்காகக் கரைப் பக்கம் ஒதுங்கும். வலை நிறைந்ததும் கடலம்மா கொடுத்தாள் என்கிறோம். அது தப்பி ஓடி வந்த கூட்டம். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில் சிங்கி இறால்கள் கூட்டங்கூட்டமாகக் கரையேறிச் செத்ததும் இந்த மூச்சுத்திணறலால்தான்.

கேரளத்தில் 2012 இல் மத்தி 4 லட்சம் டன் பக்கம் கிடைத்தது. 2021 இல் 3,500 டன்கூட இல்லை. அந்தப் பத்து வருடமும் பருவக்காற்று வந்தது, குளிர்ந்த தண்ணீரும் ஏறியது. காணொளிக்காரரிடம் இதற்குப் பதில் கேளுங்கள்.

ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் கடலோரத்திலேயே நமீப் பாலைவனம் எப்படி வந்தது?

அந்தக் கரையில் ஏறி வரும் குளிர்ந்த தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு. மேலே காற்று குளிர்ந்து பனிமூட்டம் கட்டும், எழும்பி மழையாகாது. பெருக் கரையும் இப்படித்தான்.

செயற்கைக்கோள் வைத்து மீன் இருக்கும் இடத்தைச் சொல்கிறார்களே, நம்பலாமா? (சின்னமுட்டம் வாசகர்)

நம்பலாம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்துச் சொல்கிறது. ஆனால் நம் மேற்குக் கரையில் மேலெழுச்சி வலுக்கும் ஜூன், ஜூலையில் வானம் முழுக்க மேகம், செயற்கைக்கோளின் கண்ணுக்குக் கடல் சரியாகத் தெரியாது. கரையில் இருக்கும் நாட்களில், காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று குறித்துவைத்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.