இசையமைப்பாளர் ஹேண்டலின் வாணவேடிக்கை இசையை ஊர்மக்களையும் சேர்த்து மேடையேற்ற முடியுமா?

முடியும். ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் முடிந்ததைக் கொண்டாட, 1749 ஏப்ரல் 27 அன்று லண்டன் கிரீன் பூங்காவில் ஒலித்த இந்த இசையில் 24 ஓபோக்கள் (நாதஸ்வரம் போன்ற ஊதுகருவி) இருந்தாலும், அவை மூன்றே இசை வரிகளைத்தான் பகிர்ந்து, ஒரே வரியைப் பலராகச் சேர்ந்து வாசிக்கின்றன என்பதால், தேர்ந்த கலைஞர்களுக்குப் பக்கத்தில் பள்ளி மாணவர்களையும் உள்ளூர் பேண்டு வாத்தியக்காரர்களையும் தயங்காமல் உட்காரவைக்கலாம். சிக்கல் சுருதியில்தான் வரும்: ஹேண்டல் வாழ்ந்த பரோக் காலக் கருவிகளை இன்று பெரும்பாலும் 415 ஹெர்ட்சிலும் நவீனக் கருவிகளை 440 ஹெர்ட்சிலும் சுருதி சேர்ப்பதால், இரண்டையும் கலந்தால் ஏறத்தாழ அரைச் சுரம் விலகும், மாணவர்கள் இருக்கும்போது 440தான் நடைமுறைக்கு ஒத்துவரும் (தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்). ஒத்திகையையும் பொதுமக்களுக்குத் திறந்துவிடுங்கள். 1749 நிகழ்ச்சியின் ஒத்திகையே லண்டனின் வாக்ஸ்ஹால் தோட்டத்தில் கட்டணம் கொடுத்து வந்த பெருங்கூட்டத்தின் முன்னால்தான் நடந்தது. அடுத்த மாதமே ஹேண்டல் இதே இசையைக் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்தின் நிதிக்காக வழங்கினார்.