அப்பாவின் வறட்டு இருமல்: எனலாப்ரில் காரணமாக இருக்குமா?

அப்பாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது, சளியே இல்லாத இருமல், சிரப் மாற்றி மாற்றிக் கொடுத்தும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது அந்த மாத்திரையைத்தான். ராமிப்ரில், லிசினோப்ரில் என்று அந்த வகை மருந்துகள் எல்லாமே இதைச் செய்யும். இவை தடுக்கும் நொதிதான் உடம்பில் பிராடிகினின் என்ற வேதிப்பொருளையும் சிதைக்கிறது. நொதி முடங்கினால் பிராடிகினின் தேங்கி மூச்சுக்குழாயைச் சீண்டிக்கொண்டே இருக்கும். சிரப் எடுபடாததில் வியப்பே இல்லை! சிலருக்கு மருந்து தொடங்கிப் பல மாதம் கழித்துக்கூட வரும்.

அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அழுத்தம் ஏறிவிடும். மருந்து தொடங்கிய தேதி, இருமல் தொடங்கிய தேதி இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் லோசார்டன், டெல்மிசார்டன் வகைக்கு மாற்றுவார். மாற்றிய மறுநாளே இருமல் நிற்காது, சரியா? பொதுவாக 1 முதல் 4 வாரம், சிலருக்கு 3 மாதம் வரை இழுக்கும்.

காய்ச்சல், சளியில் ரத்தம், எடை குறைவு இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். அப்புறம், உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மட்டும் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். அரிதுதான், ஆனால் அதுவும் இந்த மருந்தால் வரக்கூடியதே.