கிளப்பில் இருந்து நீக்கிவிட்டார்கள், மன்னிப்புக் கடிதம் கொடுக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு மனமகிழ் மன்றத்தில் இருபது வருடமாக உறுப்பினர். போன பொதுக்குழுவில் கேன்டீன் குத்தகைக் கணக்கைக் கேட்டேன். இரண்டு மாதம் கழித்து, "மன்றத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததால்" என்னை நீக்கிச் செயற்குழு தீர்மானம் போட்டதாகக் கடிதம் வந்தது. கைக்குக் கிடைத்து 18 நாள் ஆகிறது. 30 நாளுக்குள் பொதுக்குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று பைலாவில் (மன்ற விதிகளில்) இருக்கிறது. கமிட்டியில் இருக்கும் நண்பர் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் பதிவாளர் ஆபீஸில் ஆர்டர் வாங்கித் தர 50,000 ரூபாய் கேட்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம். உங்களுக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. இந்த வாரத்துக்குள் மேல்முறையீடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் அந்த நண்பர் விஷயம். "ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுத்துருங்ணா, நான் பேசி முடிச்சர்றேன்" என்று சொல்வார்கள். நல்ல மனசோடுகூடச் சொல்வார்கள். ஆனால் "நான் செய்தது தவறு, மன்னிக்கவும்" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், விசாரணையே இல்லாமல் நீக்கினார்கள் என்ற உங்கள் முக்கியமான வாதம் பாதி செத்துவிடும். "அவரே ஒப்புக்கொண்டுவிட்டார், அப்புறம் என்ன விசாரணை?" என்று பொதுக்குழுவிலும் கேட்பார்கள், கோர்ட்டிலும் கேட்பார்கள். இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்காருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. "வருத்தம் தெரிவிக்கிறேன்" என்று மழுப்பி எழுதினாலும் ஆபத்துதான். ராஜினாமா கேட்டாலும் கொடுக்காதீர்கள். டெபாசிட்டைத் திருப்பித் தருவதாகச் செக் வந்தால் வங்கியில் போடாமல் ஒரு கடிதத்தோடு திருப்பி அனுப்புங்கள். பணத்தை வாங்கிக்கொண்டால் நீக்கத்தை ஏற்றுக்கொண்டதாகத்தான் பேசுவார்கள். சந்தாவையும் நிறுத்தாதீர்கள். வாங்க மறுத்தால் டிராஃப்ட் எடுத்துத் தபாலில் அனுப்புங்கள், திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள். சந்தா பாக்கி என்று புதுக் காரணம் கிளம்ப இடம் கொடுக்கக் கூடாது. மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

அடுத்து 50,000 கேட்கும் ஆள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ல் 36-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. "முப்பத்தாறு போட்டுத் தூக்கிடலாம்" என்று சொல்லியே பிழைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பிரிவு, சங்கத்தின் அமைப்பு, செயல்பாடு, நிதி நிலை ஆகியவற்றை மாவட்டப் பதிவாளர் விசாரிப்பதற்கு. அவரே முன்வந்து விசாரிக்கலாம். இல்லாவிட்டால் செயற்குழுவில் பெரும்பான்மையோர் கேட்க வேண்டும், அல்லது உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கேட்க வேண்டும், அல்லது கலெக்டர் சொல்ல வேண்டும். தனி ஆளாக நீங்கள் மனுக் கொடுத்தால் ஒரு கடிதம் மன்றத்துக்குப் போகும், ஒரு பதில் வரும், கோப்பு தூங்கும். உங்களை மறுபடி உறுப்பினராக்கு என்று உத்தரவு போடும் இடம் அது இல்லை. கேன்டீன் கணக்கை ஒரு ஒழுங்கான தணிக்கைக்கு உட்படுத்தச் சட்டத்தில் வழி வைத்துவிட்டு, கேள்வி கேட்ட ஒற்றை உறுப்பினரை மட்டும் தெருவில் நிறுத்தியிருக்கிறார்கள். ஐம்பது வருடச் சட்டம், இதை மாற்ற யாருக்கும் அவசரம் இல்லை.

பதிவாளர் ஆபீஸால் ஆகிற உண்மையான உபகாரம் ஒன்று உண்டு. பதிவான பைலாவின் சான்றிட்ட நகலை அங்கே கட்டணம் கட்டி வாங்கலாம். மன்றத்தில் கொடுக்கும் அச்சுப் புத்தகத்தை நம்பாதீர்கள். திருத்தம் பதிவாகாமலே புத்தகத்தில் ஏறியிருப்பதும் உண்டு.

இங்கே ஒரு விதிவிலக்கு. இதில் ஏமாந்தால் எல்லாம் வீண் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். எல்லாக் கிளப்பும் சங்கம் இல்லை. சில பழைய கிளப்புகள் கம்பெனிச் சட்டத்தின் கீழ், லாப நோக்கமில்லாத கம்பெனியாகப் பதிவானவை. உங்களுக்கு வந்த கடிதத்தாளின் தலைப்பையும் அடியையும் பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து 21 இலக்கத்தில் ஒரு நீளமான எண் இருந்தால் அது கம்பெனி. ஒரு எண், சாய்கோடு, வருடம் என்று சின்னதாக இருந்தால் பெரும்பாலும் சங்கம். கம்பெனியாக இருந்தால் மாவட்டப் பதிவாளருக்கு அங்கே வேலையே இல்லை, கோவையில் இருக்கும் கம்பெனிப் பதிவாளர்தான் பைல் வைத்திருப்பார். உறுப்பினர் பதிவேட்டில் இருந்து காரணமின்றிப் பெயரை எடுத்தால், 2013 சட்டத்தின் 59-ஆம் பிரிவில் சென்னையில் உள்ள தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அந்தத் தீர்ப்பாயம் தீர்க்க வேண்டிய விஷயத்தைச் சிவில் கோர்ட் எடுக்க முடியாது என்று 430-ஆம் பிரிவு சொல்கிறது. இது தெரியாமல் ஈரோட்டில் வழக்குப் போட்டு, ஒரு வருடம் வாய்தா வாங்கி, கடைசியில் "இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை" என்று கேட்டுத் திரும்புவது பெரிய கொடுமை. எந்த வக்கீலிடம் போனாலும் முதலில் அந்தக் கடிதத்தாளைக் காட்டுங்கள்.

சரி, மேல்முறையீட்டில் என்ன எழுதுவது? கேன்டீன் கதையை எழுதாதீர்கள். யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று ஆரம்பித்தால் பொதுக்குழு இரண்டு கட்சியாகப் பிரிந்து அதோடு போய்விடும். முறை தவறியதை மட்டும் எழுதுங்கள். கடிதம் எந்தத் தேதியில் கிடைத்தது, பைலாவின் எந்த விதிப்படி மேல்முறையீடு, குற்றச்சாட்டு என்ன என்று முன்கூட்டி எழுத்தில் கொடுத்தார்களா, பதில் சொல்ல நாள் கொடுத்தார்களா, நேரில் கூப்பிட்டார்களா, அந்தக் கூட்டத்துக்குக் கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) இருந்ததா, கணக்குக் கேட்கப்பட்ட ஆளே தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தாரா. தீர்மானத்தின் நகல் வேண்டும், பொதுக்குழுவில் நேரில் பேச வேண்டும், முடிவு வரும்வரை நீக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று மூன்றையும் கேளுங்கள். தலைவருக்கும் செயலாளருக்கும் தனித்தனியாக ஸ்பீடு போஸ்ட். ஒரு நகலை ஆபீஸில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மாட்டேன் என்றால் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். அவர்கள் கடிதம் வந்த உறையைத் தொலைக்காதீர்கள், 30 நாள் கணக்குக்கு அந்தத் தபால் முத்திரைதான் சாட்சி.

முறை மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். 1962-ல் பெல்காம் விக்டோரியா லாட்ஜ் (தங்கும் விடுதி இல்லை, ஃப்ரீமேசன் சங்கம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது. சங்கம் எடுத்த முடிவு சரியா என்று கோர்ட் மேல்முறையீட்டு மன்றம் போல உட்கார்ந்து பார்க்காது. அதிகாரமில்லாமல் செய்தார்களா, கெட்ட எண்ணத்தோடு செய்தார்களா, இயற்கை நீதியை, அதாவது இவர் தரப்பைக் கேட்டு நடுநிலையாக முடிவெடுக்கும் முறையை, மீறினார்களா என்று மட்டும் பார்க்கும். அந்த வழக்கில் உறுப்பினர் தோற்றார், விசாரணை போதுமான அளவுக்கு நடந்திருந்ததால். உங்கள் விஷயத்தில் விசாரணையே நடக்கவில்லை என்றால் நிலைமை வேறு.

பொதுக்குழுவைக் கூட்டாமல் இழுத்தடித்தாலோ, மேல்முறையீட்டைத் தள்ளினாலோ, சங்கமாக இருந்தால் ஈரோடு சிவில் கோர்ட்டில் நீக்கம் செல்லாது என்று அறிவிக்கக் கோரி வழக்கு, கூடவே இடைக்காலத் தடை மனு. வழக்குக்கு மூன்று வருடக் கெடு உண்டுதான், ஆனால் ஆறு மாதம் சும்மா இருந்தவருக்குத் தடை கிடைப்பது கஷ்டம். "கோர்ட்டுக்குப் போகக் கூடாது" என்று பைலாவில் எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம், ஒப்பந்தச் சட்டம் 28-ஆம் பிரிவின்படி அப்படி முழுசாகத் தடுக்க முடியாது. நேராக ஹைகோர்ட்டில் ரிட் (பெரும்பாலும் அரசு அமைப்புகளை எதிர்த்துப் போடும் மனு) போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தனியார் கிளப் மேல் அது நிற்காது, பீஸ்தான் செலவாகும்.

அந்தக் கமிட்டி நண்பருக்கு உண்மையிலேயே உதவ ஆசை இருந்தால், மேல்முறையீட்டின் ஒரு நகலை அவர் கையில் கொடுத்து அடுத்த செயற்குழுவில் வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்தது மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) ஏற வேண்டும் என்றும் சொல்லுங்கள்.