வேலையில் சேரும் முன் வைப்புத் தொகையா?

மதிப்பிற்குரிய ஐயா,

பி.காம். முடித்து ஒன்பது மாதங்களாக வீட்டிலிருக்கும் உங்கள் மகளுக்கு நிர்வாக உதவியாளர் வேலைக்கான நியமனக் கடிதம் வாட்ஸ்அப்பில் வந்திருப்பதாகவும், மடிக்கணினிக்கான வைப்புத் தொகை 6,500 ரூபாயை இரண்டு நாளுக்குள் கட்டி அசல் சான்றிதழ்களைக் கூரியரில் அனுப்பச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். பணத்தைக் கட்ட வேண்டாம். சான்றிதழ்களையும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது தொகை அனுப்பியிருந்தால், இக்கடிதத்தை மேலே படிப்பதற்கு முன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

அலுவலக வேலையின் பெயரில் மோசடி எளிதாக நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. லேத் இயக்குபவரை இயந்திரத்தின் முன் நிறுத்திப் பார்க்காமல் யாரும் எடுப்பதில்லை. ஆனால் 'கணினி அறிவு போதும்' என்ற ஒற்றை வரியில் அலுவலக வேலையை யாருக்கும் வாக்களித்துவிடலாம். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி என்ற விளம்பரங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்: முதலில் பதிவுக் கட்டணம், பிறகு யாராலும் எட்ட முடியாத துல்லிய விழுக்காடு, அதை எட்டாதபோது ஒப்பந்தத்தை மீறியதாக வழக்கறிஞர் பெயரில் மிரட்டல் கடிதம். இதேபோல் தகவல் தொழில்நுட்ப வேலை என்று சொல்லித் தாய்லாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தமிழக இளைஞர்கள் 2022-இல் மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கியதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

ஒரு நிறுவனம் உண்மையானதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். அதன் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். பதினைந்து இலக்கம் கொண்ட அந்த எண், தமிழ்நாட்டில் பதிவானதாக இருந்தால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அதை இட்டால் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரும், பதிவான நாளும், பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். பிரைவேட் லிமிடெட் என்று சொல்லிக்கொண்டால், மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்திலும் பெயர் இருக்க வேண்டும். மோசடிக்காரர்கள் உண்மையான நிறுவனத்தின் பெயரையே எடுத்தாள்வதும் உண்டு என்பதால், கடிதத்தில் உள்ள கைப்பேசி எண்ணை நம்பாமல், முகவரிக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். உள்ளூர் வேலைக்கு அதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரியாது.

நிறுவனம் உண்மையானது என்பதாலேயே வேலையும் நல்லது ஆகிவிடாது. 'அட்மின்' என்று எடுத்து, முதல் நாளே டெலிகாலிங்கில் உட்காரவைக்கும் இடங்கள் நிறைய. ஆகவே நாள் முழுதும் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் மகள் நேர்முகத்திலேயே கேட்கட்டும்: பில் போடுவதா, டாலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவதா, வருகைப் பதிவேடா, இருப்புக் கணக்கா? சம்பளத்தையும் அப்படியே பிரித்துக் கேட்க வேண்டும். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்கிடப்படும் சம்பளம் 14,000 ரூபாய் என்றால், 12 விழுக்காடு பிஎஃப் 1,680 ரூபாயும், 0.75 விழுக்காடு இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) 105 ரூபாயும் போகக் கையில் 12,215 ரூபாய் வரும். இருபது பேருக்கு மேல் பணிபுரியும் அலுவலகம் பிஎஃப் பிடிப்பதில்லை என்றால், அங்கே சேரத் தயங்குவதே சரி. பிடிப்பதாகச் சொன்னால், மூன்றாவது மாதம் மத்திய அரசின் உமங் செயலியில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து, பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும்.

தேடும் இடத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தைப் பதிவைப் புதுப்பிக்க மட்டுமே போகும் இடமாகப் பலர் நினைத்துவிட்டனர். அங்கே தனியார் வேலைவாய்ப்பு முகாம்கள் கட்டணமின்றி நடக்கின்றன. போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சியும் உண்டு. தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும், மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும் பதிந்துவையுங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

அரசு வேலைக்கு ஆள் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற, டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 பணிகளுக்கு நேர்முகத் தேர்வே கிடையாது; எழுத்துத் தேர்வின் தரவரிசை, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு ஆகியவற்றோடு முடிந்துவிடும். கல்வித் தகுதி பத்தாம் வகுப்புதான் என்பதால் போட்டி மிகக் கடுமை. அதனால்தான், தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு முதுநிலைத் தேர்வை (இளநிலைக்கு அடுத்த படி) முடிக்கும்படி உங்கள் மகளுக்குச் சொல்கிறேன். ஒரு மொழியில் முதுநிலையும் மற்றொன்றில் இளநிலையுமாவது முடிக்காதவர்கள் தட்டச்சர் பணிக்குப் போட்டியிட முடியாது. தனியார் அலுவலகத்திலும் பிழையின்றித் தமிழில் தட்டச்சு செய்பவருக்குத் தேவை இருக்கிறது. இளநிலையிலிருந்து தொடங்குவதானால் ஓராண்டு பிடிக்கலாம். காலையில் ஒரு மணி நேரம் இன்ஸ்டிட்யூட் போய்வந்தபடியே அவர் வேலையும் தேடலாம்.

கடிதம் அனுப்பியவர்களுக்கு இன்றே ஒரு பதில் எழுதச் சொல்லுங்கள்: ஜிஎஸ்டி எண்ணும் அலுவலக முகவரியும் வேண்டும், அப்பாவுடன் நேரில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று. என்ன பதில் வந்தாலும் அதை அழிக்காமல் எனக்கு அனுப்பிவையுங்கள்.