ஒலிக்காத போன் காதில் ஒலிக்கிறது

கேள்வி: எனக்கு வயது 34. சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் புரொடக்‌ஷன் சப்போர்ட் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர் நியூ ஜெர்சியில் இருப்பதால் மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை ஷிஃப்ட், நவம்பரிலிருந்து 7.30 முதல் 4.30 வரை. குழுவில் ஐந்தே பேர் என்பதால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் எனக்கு ஆன்-கால் வரும். அந்த வாரங்களில் பகலில் தூங்கிக்கொண்டிருந்தாலும் போன் வந்தால் 15 நிமிடத்துக்குள் லாகின் செய்ய வேண்டும். நவம்பருக்குப் பிறகு மூன்று மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் தூங்க முடியவில்லை. போன் அடிப்பதுபோல் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தால், எந்த அழைப்பும் வந்திருக்காது. நெஞ்சு படபடக்கிறது. பயந்துபோய் ஒருநாள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். ஈசிஜி சரியாக இருக்கிறது, டென்ஷன்தான் என்று அனுப்பிவிட்டார்கள். எடை 9 கிலோ கூடிவிட்டது. பதற்றத்தைத் தணிக்க நண்பர் கொடுத்த அல்பிரசோலம் 0.25 மாத்திரையை இரண்டு மாதமாகத் தினமும் போடுகிறேன். ஐந்து வயது மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டால்கூட எரிந்து விழுகிறேன். சில நாள் தூங்கி எழாமலே போய்விட்டால் நிம்மதி என்று தோன்றுகிறது. எனக்கு இதய நோயா? வேலையை விட்டுவிடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: இதயத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன், கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியைப் பேசிவிட வேண்டும். எழாமலே போய்விட்டால் நிம்மதி என்று தோன்றுவதை, களைப்பில் வந்த வெறும் பேச்சு என்று நான் ஒதுக்கமாட்டேன். நீங்களும் ஒதுக்கக் கூடாது. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டவர்களுக்கு இந்த எண்ணம் வருவதுண்டு. இதை இன்றே உங்கள் மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த எண்ணம் வலுக்கும் வேளையில், அது பகலோ நள்ளிரவோ, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் வழியைப் பற்றி மனம் யோசிக்கத் தொடங்கினால் போனோடு நிறுத்தாமல், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இனி இதயத்துக்கு வருகிறேன். திடுக்கிட்டு விழிக்கும்போது மட்டும் வந்து சில நிமிடங்களில் அடங்கும் படபடப்பு, பெரும்பாலும் அட்ரினலின் செய்கிற வேலை. ஆனால் ஒரேயொரு ஈசிஜியை வைத்துக்கொண்டு இதயம் நூறு சதவீதம் நலம் என்று நான் எழுதித் தர முடியாது. தெற்காசியர்களான நமக்கு மாரடைப்பு மற்ற பலரைவிட இளம் வயதிலேயே வருகிறது. உங்களுக்கோ எடையும் கூடியிருக்கிறது. ரத்த அழுத்தம், கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்எச் ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். படிகளில் ஏறும்போது நெஞ்சு இறுகுவது, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குப்பென்று வியர்ப்பது, மயக்கம் வருவது ஆகியவற்றில் எது வந்தாலும் இணையத்தில் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அந்த ஒலிக்காத போனுக்கு வருவோம். சில மாதங்களுக்கு முன் உங்களைப் போலவே சப்போர்ட் வேலையில் இருக்கும் ஒருவர் என் எதிரில் அமர்ந்திருந்தார். போனை மேசையில் திரை மேலே தெரியும்படி வைத்து, அதன் ஓரத்தை ஒரு விரலால் தொட்டபடியே பேசினார். நான் அவருடைய நாடியைப் பிடித்து எண்ணியபோது 78 இருந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே காத்திருந்த யாருடைய போனோ, கணினிக் கோளாறைச் சொல்லும் அவருடைய அலர்ட்டின் அதே ஒலியில் அடித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. ஆனால் என் விரலுக்கடியில் நாடி தடதடவென்று ஓடியது. மறுபடி எண்ணினேன், 104. தன்னுடைய போன் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தும் உடல் அதற்குள் எழுந்து ஓடத் தயாராகிவிட்டது.

தூங்கும்போதும் மூளை காதை முழுவதுமாக மூடிவிடுவதில்லை. இடி இடித்தாலும் எழாத தாய், தொட்டிலில் குழந்தை சிணுங்கினால் எழுந்துவிடுவாள். எந்த ஒலி முக்கியம் என்று மூளை முன்பே குறித்து வைத்திருக்கிறது. ஆறு ஆண்டுகளாக உங்கள் மூளை அந்த இடத்தில் அலர்ட்டின் ஒலியைக் குறித்து வைத்திருக்கிறது. அழைப்பு வரலாம் என்ற எதிர்பார்ப்பே தூக்கத்தின் ஆழத்தைக் குறைத்துவிடும் என்பதால், ஒரு அழைப்பும் வராத ஆன்-கால் நாளில்கூட நீங்கள் களைத்துப்போய்த்தான் எழுவீர்கள். மேலோட்டமான அந்தத் தூக்கத்தில் மின்விசிறியின் சத்தமும் பக்கத்து வீட்டு மிக்ஸியும் போன் மணியாகக் கேட்கின்றன. இது மனநோய் அல்ல, உங்கள் மனம் பலவீனமானது என்பதற்கான அடையாளமும் அல்ல. காவலுக்கு நிறுத்தப்பட்ட நரம்பு மண்டலம், காவலை விட்டு இறங்கத் தெரியாமல் நிற்கிறது.

நவம்பரில் ஏன் மோசமானது என்பதையும் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். உங்கள் ஷிஃப்ட் ஒரு மணி நேரம் தாமதமாவது அதனால்தான். ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். முன்பு நாலரைக்குள் படுத்த நீங்கள் இப்போது ஐந்தரைக்குப் படுக்கிறீர்கள். கண்ணயர்ந்து அரை மணி ஆவதற்குள் பால்காரர் மணி அடிக்கிறார், குக்கர் விசில் வருகிறது, மகளைப் பள்ளிக்குக் கிளப்பும் அவசரம் தொடங்குகிறது, ஜன்னலில் வெளிச்சமும் ஏறுகிறது. கண்ணின் விழித்திரையில் வெளிச்சத்தை அளப்பதற்கென்றே உள்ள சில செல்கள், விடிந்துவிட்ட செய்தியை மூளையின் மையக் கடிகாரத்துக்கு அனுப்புகின்றன. தூக்கத்துக்குத் துணைநிற்கும் மெலட்டோனின் சுரப்பு அடங்கிவிடுகிறது. இந்தக் கடிகாரம் மூளையில் மட்டுமின்றி நம் செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மரபணுக்களின் அளவில் ஓடுகிறது. அதன் பொறிமுறையைக் கண்டறிந்ததற்காகத்தான் 2017-இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு தரப்பட்டது. நியூ ஜெர்சியின் நேரத்தை நம் உடலுக்குள் அவ்வளவு எளிதாகக் கொண்டுவந்து வைக்க முடியாது. இரவில் இன்சுலினின் திறன் குறைவதால், பகலில் செரிக்கும் அதே உணவு இரவு ஒரு மணிக்குச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுகிறது. அந்த 9 கிலோவுக்கு உங்கள் சோம்பலைக் குறை சொல்லாதீர்கள்.

மாத்திரையை நாளைக்கே தூக்கி எறிந்துவிட வேண்டாம். இரண்டு மாதம் தினமும் எடுத்த அல்பிரசோலத்தைத் திடீரென நிறுத்தினால் பதற்றமும் தூக்கமின்மையும் முன்னைவிட அதிகமாகத் திரும்பும். சிலருக்கு வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பழக்கத்துக்கு அடிமையாக்கும் என்பதால்தான் அதை மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் வைத்து, மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். நண்பர் அன்பால் கொடுத்திருப்பார், அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அது தருவது நல்ல தூக்கமன்று. ஆழ்ந்த உறக்கத்தைக் குறைத்து, எழுந்த பிறகும் மந்தத்தை மிச்சம் வைக்கும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும்.

அதிகாலையில் எப்படி வீடு திரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பைக்கில் என்றால் அதை உடனே நிறுத்த வேண்டும். உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்து, உறக்கம் அடித்துத் தள்ளும் நேரம் ஏறத்தாழ நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை. நீங்கள் ராஜீவ் காந்தி சாலையில் இருப்பதும் அப்போதுதான். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருக்குச் சமமாகக் குறைகிறது என்று 1997-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான். ஒரு சொட்டு மதுவும் குடிக்காமலேயே நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிய நிலையில் ஓட்டிக்கொண்டிருக்கலாம். கேப் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அலுவலகத்தின் ஓய்வறையில் இருபது நிமிடம் கண்ணயர்ந்து, எழுந்து கால் மணி நேரம் தெளிந்த பிறகு கிளம்புங்கள்.

தூக்கத்தைத் திருத்துவதற்கு வருகிறேன். படுக்கும் அறையின் ஜன்னலுக்குத் தடித்த, கருமையான திரை போடுங்கள். வாடகை வீட்டில் அது முடியாதென்றால் கண்களுக்குப் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். காலை 6 முதல் 12 வரை அப்பா தூங்கும் நேரம் என்று வீட்டில் முடிவு செய்து, மகளைக் கொண்டே ஓர் அட்டையில் எழுதவைத்துக் கதவில் மாட்டுங்கள். துரத்தியடிக்கப்பட்ட பிள்ளை அழும். தான் எழுதிய அட்டையை அதுவே காவல் காக்கும். விடுமுறை நாளில் குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்ற ஆசையில் இரவு பத்து மணிக்குப் படுத்துக் கடிகாரத்தை முழுவதும் திருப்பிப்போடாதீர்கள். இரண்டு மணி போலப் படுத்து ஒன்பதரை பத்துக்கு எழுந்தால், வேலை நாளின் தூக்கத்தோடு நாலு மணி நேரமாவது ஒத்துப்போகும். அந்த நாலு மணி நேரத்தைப் பற்றிக்கொண்டு உடல் நிலைபெறும். காபியின் பாதி, குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தும் ரத்தத்தில் இருக்கும் என்பதால் இரவு 11 மணிக்குப் பிறகு அதைத் தொடாதீர்கள். முதன்மையான சாப்பாட்டை மாலை ஆறரைக்குள் முடித்துவிட்டு, நள்ளிரவில் இரண்டு இட்லியோ மோரோ போதும். பரோட்டா அப்போது வேண்டவே வேண்டாம்.

இவ்வளவையும் செய்தாலும், ஆன்-கால் இப்போதுள்ளபடியே தொடர்ந்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும் என்பது என் கருத்து. உங்கள் தூக்கத்தைக் கெடுத்த காரணத்தின் பெரும்பகுதி, யாருக்கு எப்போது வேலை என்று வகுக்கும் ரோஸ்டரில் இருக்கிறது, அதற்கு நான் மருந்து எழுத முடியாது. ஆனால் நீங்கள் ஒன்று செய்யலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் ஒவ்வொரு அலர்ட்டும் வந்த நேரம், அதற்கு உண்மையில் நீங்கள் கை வைக்க வேண்டியிருந்ததா அல்லது தானாகச் சரியானதா, மறுபடி தூங்க எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதிவையுங்கள். இதேபோல் எழுதிவந்த சிலரின் கணக்கைப் பார்த்திருக்கிறேன். எழுப்பியிருக்கவே தேவையில்லாத அழைப்புகள் அதில் கணிசமாக இருந்தன. மேனேஜரிடம் வெறுமனே முடியவில்லை என்று சொல்வதைவிட அந்தக் கணக்கை முன்னால் வைத்துப் பேசுங்கள்: தானாகச் சரியாகும் அலர்ட்டுகள் போனுக்கு வராமல் கணினியில் டிக்கெட்டாக மட்டும் பதியட்டும், மிக அவசரமான பி1 அழைப்புக்கு மட்டும் தனி ஒலி இருக்கட்டும், ஆன்-கால் மூன்று வாரத்துக்கு ஒருமுறையாகட்டும், தூக்கத்தில் எழுப்பப்பட்ட நாளின் ஷிஃப்ட் தாமதமாகத் தொடங்கட்டும். மருத்துவர் கடிதம் வேண்டுமென்றால் உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பழைய ஒலியை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். ஆன்-கால் இல்லாத வாரத்தில் போனை அணைத்து வேறு அறையில் வையுங்கள்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேலைச் சுமை அடங்காமல் நீளும்போது வரும் களைப்பு, வேலையின் மீது வெறுப்பு, நம்மால் எதுவும் ஆகாது என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்த நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் விவரித்திருக்கிறது. அங்கேயும் அதை நோய் என்று சொல்லாமல், வேலையிடம் சார்ந்த நிகழ்வு என்றே சொல்கிறது. உங்கள் கடிதத்தில் அந்தச் சாயல் இருக்கிறது. மனச்சோர்வு நோயும் இருக்கலாம், அதை நேரில் பார்ப்பவர்தான் பிரித்துச் சொல்ல முடியும். மூன்று மணி நேரத் தூக்கத்தில் ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். முதலில் இரண்டு வாரம் மருத்துவ விடுப்பு எடுத்து, அலர்ட் வராத தூக்கம் தூங்குங்கள். அதன் பிறகும் ரோஸ்டர் மாறாது என்று நிறுவனம் சொன்னால், பகல் ஷிஃப்ட் உள்ள பிரிவுக்கோ வேறு இடத்துக்கோ மாறுவதை நானே வற்புறுத்துவேன்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டையையும் எழுதிய வரையில் அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள், மனைவியையும் கூட அழைத்துச் செல்லுங்கள். 9 கிலோ கூடியவருக்குக் குறட்டையும், நடுவே மூச்சு சில நொடிகள் நின்று பிறகு திணறி இழுப்பதும் இருந்தால், அது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாக இருக்கலாம். அதற்குப் பரிசோதனையும் சிகிச்சையும் வேறு. தூங்கும்போது உங்கள் மூச்சு எப்படி இருக்கிறது என்பதை மருத்துவரிடம் சொல்லக்கூடியவர் உங்கள் மனைவி ஒருவர்தான்.