பாய்லர் மாற்றினால் வாடகை ஏறுமா?

கேள்வி: நியூயார்க் ஃப்ளஷிங்கில் 40 வீடுகள் உள்ள கட்டடத்தில், ரென்ட் ஸ்டெபிலைஸ்டு (வாடகையை எவ்வளவு ஏற்றலாம் என்பதைச் சட்டம் கட்டுப்படுத்தும்) வீட்டில் இருக்கிறோம். வாடகை 1,400 டாலர். ஓனர் பாய்லரை மாற்றி, லாபிக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து 90 டாலர் கூடுதல் என்று கதவில் தாள் ஒட்டியிருக்கிறார். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? எனக்கு 64 வயது.

பதில்: கொடுக்காதீர்கள். ஆனால் பழைய வாடகையைத் தேதி தவறாமல் செக்காகக் கட்டிவிடுங்கள், கோபத்தில் அதையும் நிறுத்தினால் கோர்ட்டில் அவர் கைதான் ஓங்கும்.

கட்டடம் முழுவதற்கும் பயன்படும் பெரிய வேலைக்கு, எம்.சி.ஐ. என்பார்கள், வாடகை ஏற்றலாம்தான். அதற்கு மாநில வீட்டுவசதித் துறையான டி.எச்.சி.ஆர். உத்தரவு போட வேண்டும். கதவில் ஒட்டிய தாளுக்கு மதிப்பில்லை. பாய்லர் இதில் வரும். பெயின்ட் வராது, அது பராமரிப்பு.

பாய்லருக்கு 1,80,000 டாலர் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 35 வீட்டுக்கு மேல் உள்ள கட்டடம் என்பதால் விதிப்படி செலவை 150 மாதத்தால் வகுத்தால் மாதம் 1,200, மொத்தம் 120 அறை என்றால் அறைக்கு 10 டாலர், உங்களுடையது மூன்று அறை வீடானால் 30. அதையும் ஒரேயடியாக வாங்க முடியாது: 2019 சட்டப்படி ஓர் ஆண்டில் வாடகையில் 2 சதவீதம்தான், உங்களுக்கு 28 டாலர், மிச்ச 2 டாலர் அடுத்த வருஷம். (முன்பு 6 சதவீதம், அதுவும் நிரந்தரம், இப்போது இந்த ஏற்றத்தை 30 வருஷத்தில் வாடகையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.) 90 எந்தக் கணக்கோ, அவருக்கே வெளிச்சம்.

அப்புறம், ஓனர் விண்ணப்பித்தால் டி.எச்.சி.ஆரிடமிருந்து கடிதம் வரும், பலர் விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போடுவது இதைத்தான். பதில் எழுத 60 நாள் உண்டு. ஓனர் காட்டிய பில்களைப் பாருங்கள், பாய்லர் செலவில் பெயின்ட் ஒளிந்திருக்கலாம். ஹீட் வரவில்லை, கூரை ஒழுகுகிறது என்றால் இன்றே நகரத்தின் புகார் எண்ணான 311-ல் புகார் கொடுங்கள். ஆபத்தான விதிமீறல் தீராமல் கிடந்தால் ஓனருக்கு வாடகை ஏற்ற அனுமதி கிடைக்காது. உத்தரவு வந்த பிறகும் மேல்முறையீட்டுக்கு 35 நாள் இருக்கிறது.

62 வயது தாண்டியவர், லீஸ் உங்கள் பெயரில் இருந்து, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்கே போனால் முதியோருக்கு வாடகை ஏறாமல் நிறுத்திவைக்கும் நகரத்தின் ஸ்க்ரீ (SCRIE) திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். வருமான வரம்பு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். கிடைத்துவிட்டால் உங்கள் வாடகை அப்படியே நிற்கும், ஏற வேண்டியதை ஓனருக்கு நகரமே சொத்து வரியில் கழித்துக்கொடுக்கும்.